செத்த முயலைச் சுவரில் மாட்டியவர்கள்

"ஏன்ப்பா, இதைப் பார்த்துக்கிட்டே எப்படிச் சாப்பிடுவாங்க?"

நண்பன் கேட்ட கேள்வி இது. அலுவலக வேலையாக மூன்று வாரம் ஆம்ஸ்டர்டாமில் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையும் குளிருமாக இருந்தது, வேறு போக்கிடம் இல்லாமல் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிட்டோம். அவன் பரம்பரைச் சைவம். நான் அப்படி இல்லை, எதையும் சாப்பிடுவேன், ஆனாலும் அந்த இடத்தில் எனக்கும் ஒரு நிமிடம் கால் தயங்கியது. எதிரே இரண்டு செத்த மயில்கள்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1639 வாக்கில் வரைந்த படம். ஒரு மயிலைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்னொன்று கீழே கல் விளிம்பில் கிடக்கிறது, பக்கத்தில் ரத்தம் தேங்கியிருக்கிறது. பின்னால் ஜன்னலில் ஒரு சின்னப் பெண் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு எட்டிப் பார்க்கிறாள், அருகே ஒரு கூடைப் பழம். முருகன் கோவில் மயிலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது சுருக்கென்று தைக்கிறது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் தைத்த மாதிரி தெரியவில்லை. அவளுக்கு அது நாளைய சமையல், அவ்வளவுதான். மயில்கறியை மாவு ஓட்டுக்குள் வைத்துச் சுட்டு, அதன் மேல் தலையையும் தோகையையும் திரும்பச் சொருகி விருந்து மேசையில் கொண்டுவந்து வைப்பது ஐரோப்பியப் பெரிய வீடுகளில் பழைய வழக்கம்.

அந்த வழக்கத்தின் சாட்சி அதே கட்டடத்தில் இன்னொரு படத்தில் இருக்கிறது. பீட்டர் கிளாஸ் என்பவர் 1627இல் வரைந்த விருந்து மேசை. அதில் மயிலுக்குப் பதில் வான்கோழி. தன் கறியை உள்ளே வைத்துச் சுட்ட பண்டத்தின் மேலேயே, சிறகும் வாலும் தலையுமாக, உயிரோடு இருப்பது போல அது உட்கார்ந்திருக்கிறது. டச்சு மொழியில் வான்கோழியின் பெயர் கல்கூன். 'கள்ளிக்கோட்டைக் கோழி' என்பது தேய்ந்து அப்படி ஆயிற்று. பறவை என்னவோ அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் கடல் தாண்டி வருகிற அதிசயம் எல்லாம் இந்தியப் பக்கமிருந்துதான் வரும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதே மேசையில் அச்சடித்த தாள் ஒன்றைக் கூம்பாகச் சுருட்டி அதில் மிளகு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெட்டிக்கடைப் பொட்டலமேதான்! நான் வான்கோழியை விட்டுவிட்டு அந்தப் பொட்டலத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பனின் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. "அந்தக் காலத்துல அப்படித்தான் போல" என்று மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி விடவில்லை. ஊர் திரும்பிய பிறகு ராத்திரிகளில் அருங்காட்சியகங்களின் இணையதளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, முயலின் மீசை முடி தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. ரைக்ஸ்மியூசியம் தன் படங்களை அப்படிப் பெரிதாக்கிப் பார்க்க விடுகிறது, இலவசமாக. நேரில் போனால் காவலர் நம்மை அவ்வளவு கிட்டே விடமாட்டார்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். நம் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் 'ஸ்டில் லைஃப்' என்று சொல்வது, ஒரு ஜாடி, கசங்கிய துணி, நாலு கத்தரிக்காய் என்று மேசையில் வைத்துப் பார்த்து வரைவது. அந்தச் சொல் டச்சுக்காரர்களின் 'ஸ்டில்லேவன்' என்பதிலிருந்து வந்தது. 1650ஐ ஒட்டிய காலத்தில் அங்கே புழக்கத்துக்கு வந்த வார்த்தை, அசையாமல் இருக்கிற உயிர் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் பின்னால் வைத்த பெயர் 'நத்யூர் மோர்த்'. செத்த இயற்கை. பூங்கொத்துக்கும் ஆப்பிளுக்கும் இந்தப் பெயர் கொஞ்சம் அநியாயமாகத் தோன்றும், ஆனால் நான் சொல்ல வந்த படங்களுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

இந்த வகை எப்போது தொடங்கியது என்று தேடினால் மூனிக் நகரில் இருக்கும் ஒரு சின்னப் படத்துக்கு வந்து சேருவோம். 1504ஆம் ஆண்டு யாகோப்போ தே பார்பரி என்ற வெனிஸ்காரர் வரைந்தது. ஒரு மரப் பலகை, அதில் ஆணியடித்து மாட்டிய ஒரு கௌதாரி, அதனோடு ஒரு ஜோடி இரும்புக் கையுறை, ஒரு குறுக்குவில்லின் அம்பு. அவ்வளவுதான் படம். மனிதன் கிடையாது, கதை கிடையாது, சாமி கிடையாது. ஒரு கௌதாரியை மட்டும் வரைந்து இதுதான் ஓவியம் என்று கொடுக்க 1504இல் ஒரு துணிச்சல் வேண்டும்.

அப்புறம் நூறு வருஷம் கழித்துத்தான் இது ஒரு பெரிய தொழிலாகிறது. இடம் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப். வடக்கே டச்சுக்காரர்கள் ஸ்பெயினோடு நடத்திய நீண்ட சண்டையில் 1609 முதல் 1621 வரை பன்னிரண்டு வருஷம் ஓய்வு கிடைத்தது, பெரிய வீடுகள் மறுபடி நிமிர்ந்தன, அந்த வீடுகளின் கூடங்களுக்குப் பெரிய படங்கள் தேவைப்பட்டன. அங்கேதான் ஃபிரான்ஸ் ஸ்னைடர்ஸ் வருகிறார். 1579இல் பிறந்து 1657 வரை வாழ்ந்தவர், அதில் பெரும்பகுதி விலங்குகளை வரைந்தே கழிந்தது. சிவப்புத் துணி விரித்த மேசை, அதன் மேல் சிறகு விரிந்து கழுத்து தொங்க ஒரு வெள்ளை அன்னம், பக்கத்தில் காட்டுப்பன்றித் தலை, சிவக்க வெந்த ஒரு பெரிய சிங்கி இறால், கொட்டிக் கிடக்கும் திராட்சை, மேசைக்கு அடியிலிருந்து திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கும் பூனை. ஸ்னைடர்ஸ் படம் என்றால் இதுதான். சொல்லப்போனால் ஒரு நெரிசல். எனக்கு அவர் படங்களைப் பார்த்தால் கல்யாணத்துக்கு முந்தின நாள் காய்கறி வந்து இறங்கிய மண்டபச் சமையல்கட்டு ஞாபகம் வரும், எதில் கால் வைப்பது என்று தெரியாது.

ரஷ்யாவின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் அவருடைய நான்கு கடைப் படங்கள் இருக்கின்றன. மீன் கடை, வேட்டைக்கறிக் கடை, பழக்கடை, காய்கறிக்கடை. ஒவ்வொன்றும் சுமார் 2 மீட்டர் உயரம், 3 மீட்டருக்கு மேல் அகலம். இங்கிலாந்தில் ஹூட்டன் ஹால் என்ற மாளிகையில் இருந்தவை, 1779இல் அந்த வீட்டின் ஓவியத் தொகுப்பை ரஷ்யப் பேரரசி காதரீன் வாங்கியபோது கப்பலேறிப் போயின. இந்த ஹூட்டன் ஹாலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வாத்து விஷயமாகத் திரும்பவும் அங்கே போக வேண்டியிருக்கிறது.

ஸ்னைடர்ஸின் மதிப்பு தெரியவேண்டுமானால் ரூபன்ஸைக் கேட்க வேண்டும். ஆன்ட்வெர்ப்பின் மகாராஜா மாதிரி இருந்த ஓவியர். கிரேக்கப் புராணத்தில் வரும், சங்கிலியில் கட்டுண்ட புரோமித்தியஸின் ஈரலைக் கழுகு கொத்தித் தின்னும் பெரிய படம் ஒன்றை வரைந்தார், இப்போது அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறது. மனிதனை ரூபன்ஸ் வரைந்தார், கழுகை வரைய ஸ்னைடர்ஸைக் கூப்பிட்டார். 1618இல் அந்தப் படத்தை ஓர் ஆங்கிலேயத் தூதருக்கு விற்கப் பேசும்போது கழுகு ஸ்னைடர்ஸ் வரைந்தது என்று கடிதத்திலேயே எழுதினார். மறைக்கவில்லை, அது விலையைக் கூட்டும் விஷயம் என்று அவருக்குத் தெரியும். ரூபன்ஸுக்குக் கழுகு வரையத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் சிறகை நன்றாக வரைவது என்பது அந்த ஊரில் ஒரு தனித் தொழில், பந்தலுக்கு ஒருவர், நாதஸ்வரத்துக்கு ஒருவர் என்பது போல.

சரி, யார் வாங்கினார்கள்? நண்பனின் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

ஸ்னைடர்ஸின் ஆன்ட்வெர்ப்பில் பிரபுக்களும் திருச்சபைப் பெரியவர்களும் இருந்தார்கள். வடக்கே ஹாலந்து வேறு மாதிரி. அது வியாபாரிகளின் நாடு. ராஜா இல்லை, கப்பல் விட்டவன், மீன் விற்றவன், துணி நெய்வித்தவன் எல்லாம் பணக்காரன் ஆன நாடு. ஆனால் பணத்தால் வாங்கமுடியாத ஒன்று அங்கேயும் இருந்தது, வேட்டை. காட்டு முயலையும் மானையும் கௌதாரியையும் வேட்டையாடும் உரிமை சட்டப்படி பிரபுக்களுக்கும் சில உயர் பதவிக்காரர்களுக்கும்தான். ஆம்ஸ்டர்டாம் வாய்க்கால் ஓரத்தில் நாலு மாடி வீடு கட்டியவனாலும் நினைத்த நேரத்தில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடியாது. கோபம் வருமா வராதா?

1650க்குப் பிறகு இந்த வியாபாரிகள் ஃபெக்ட் என்ற ஆற்றங்கரையில் வரிசையாகத் தோட்ட வீடுகள் கட்டினார்கள். சிலர் இன்ன ஊரின் பிரபு என்ற பட்டத்தையே நிலத்தோடு சேர்த்து விலைக்கு வாங்கினார்கள், பட்டத்தோடு வேட்டை உரிமையும் ஒட்டிக்கொண்டு வந்தது. அது கட்டுப்படியாகாதவர்கள்? படம் வாங்கினார்கள். ஹாலந்தில் வேட்டைப் பிராணிப் படங்களுக்குக் கிராக்கி ஏறியதும் ஏறக்குறைய இதே காலம்தான். சுவரில் தொங்குகிற முயல், 'நாங்களும் அந்த மாதிரி ஆட்கள்தான்' என்று வருகிறவரிடம் மெல்லச் சொல்கிறது. சாப்பிடும்போது பார்க்கச் சகிக்குமா என்பது அவர்களுடைய கேள்வியே இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வரும்போது மாமனார் வாங்கிக்கொடுத்த காரை வாசலில் தெரிகிற மாதிரி நிறுத்தி வைப்பதில்லையா, அந்த ரகம்.

இப்படி யோசித்த பிறகு படங்களைத் திரும்பப் பார்த்தால் ஒவ்வொன்றாகப் புலப்படுகிறது. பறவையைவிட அதைச் சுற்றி இருக்கிற சாமான்தான் பகட்டு. வெல்வெட் பை, பட்டுக் குஞ்சம், வெள்ளிப் பூண் போட்ட ஊதுகொம்பு, வெடிமருந்துக் குடுவை, வல்லூறின் கண்ணை மூட மாட்டும் தோல் தொப்பி, அதன் உச்சியில் ஒரு சிவப்புக் கொண்டை. வல்லூறு பழக்கி வேட்டையாடுவது வேட்டையிலேயே உச்சம், அதற்குப் பறவையும் வேண்டும், பழக்க ஆளும் வேண்டும், நிலமும் வேண்டும். அந்தச் சின்னத் தொப்பியை ஒரு மூலையில் வரைந்துவிட்டால் போதும், இத்தனையும் சொன்ன மாதிரி. டெல்ஃப்ட்டில் பிறந்த வில்லெம் வான் ஆல்ஸ்ட் இதில் கெட்டிக்காரர். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் அரண்மனையில் மெடிச்சி குடும்பத்திடம் வேலை பார்த்துவிட்டு வந்து, ஆம்ஸ்டர்டாமில் கடை விரித்தார், படத்தில் தன் பெயரை இத்தாலிய பாணியில் 'குவில்மோ' என்று கையெழுத்திட்டார். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர் விசிட்டிங் கார்டில் அதைப் போட்டுக்கொள்வது அப்போதும் உண்டு. அவர் படங்களில் ரத்தம் ரொம்பக் குறைவு. பளிங்கு மேசை, நீல வெல்வெட், அதன் மேல் பொம்மைபோல ஒழுங்காக ஒரு கௌதாரி. எங்கேயாவது ஓர் ஈ உட்கார்ந்திருக்கும். அந்த ஈ இல்லாவிட்டால் எல்லாம் நகைக்கடை ஜன்னல் மாதிரிதான் இருக்கும்.

இந்தப் பறவைகளுக்கு இன்னொரு அர்த்தமும் ஓடிக்கொண்டிருந்தது. பறவை பிடிப்பதற்கான டச்சு வினைச்சொல்லுக்குக் கொச்சையில் வேறு பொருள் உண்டு. ஓர் ஆள் ஒரு பெண்ணிடம் செத்த பறவையை நீட்டுகிற மாதிரி அந்தக் காலப் படங்களைப் பார்த்தால், அவன் சமையலைப் பற்றிப் பேசவில்லை என்று அன்றைய ஆட்களுக்குப் புரிந்திருக்கும். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

எனக்குப் பிடித்தவர் யான் வீனிக்ஸ். ஆம்ஸ்டர்டாம்காரர், 1719இல் இறந்தார். அப்பா யான் பாப்டிஸ்ட் வீனிக்ஸும் ஓவியர்தான். மகன் வரைந்த முயல்களைப் போல வேறு யாரும் வரையவில்லை என்று நான் பந்தயம் கட்டுவேன். இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முயலைப் பின்னங்கால் ஒன்றில் மட்டும் கட்டித் தொங்கவிட்டிருப்பார். இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினால் உடம்பு நேராகத் தொங்கும், பார்க்க ஒன்றுமிருக்காது. ஒரு காலை மட்டும் கட்டினால் மற்றது தானாகச் சரிந்து விலகும், இடுப்பு திருகும், வயிற்றின் வெள்ளை மயிர் முழுக்க நம் பக்கம் திரும்பும். எடை எல்லாம் கீழே, தோளிலும் தலையிலும் வந்து சேரும். காதுகள் தரையில் பட்டு மடங்கியிருக்கும். மூக்கு நுனியில் ஒரு சொட்டு ரத்தம், சில படங்களில் அதுவும் கிடையாது. கறிக்கடையில் உரித்த ஆடு தொங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செத்த உடம்பின் கனம் வேறு மாதிரி. உயிருள்ளது தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும், செத்தது தாங்கிக்கொள்வதில்லை. வீனிக்ஸின் முயலைப் பார்த்தவுடன் கை அறியாமல் அந்தக் கனத்தை உணர்கிறது.

அப்புறம் அந்த மயிர். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மயிராக வரையவில்லை என்பது தெரியும். அடியில் பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு பூச்சு, அது காய்வதற்குள் அதன் மேல் இன்னொரு நிறத்தை இழுத்து இரண்டும் ஒன்றோடொன்று குழைகிற மாதிரி விட்டிருக்கிறார். வயிற்றுப் பக்கம் அப்படி மெத்தென்று. முதுகுப் பக்கம் வருகையில் மெல்லிய தூரிகையால் நீளக் கோடுகள், சில வெளுப்பு, சில கறுப்பு. உடம்பின் விளிம்பில்தான் வித்தை. அங்கே கோடு கிடையாது. மயிர் நுனிகள் பின்னணி இருட்டுக்குள் நீண்டு கரைகின்றன. முயலுக்கு விளிம்பு இல்லை என்று அந்த மனிதர் கண்டுபிடித்திருக்கிறார். தலைகீழாகத் தொங்குவதால் சில இடங்களில் மயிர் எதிர்ப்பக்கமாகச் சரிந்து உள்ளே தோல் லேசாகத் தெரிகிறது, அதைக்கூட விடவில்லை.

இந்த மாதிரி முயல்களால் வீனிக்ஸுக்கு நல்ல வாழ்வு. ஜெர்மனியில் யோஹான் வில்ஹெல்ம் என்ற சிற்றரசர் தன் பென்ஸ்பெர்க் வேட்டை மாளிகைக்காக அவரை அழைத்து, பன்னிரண்டு பெரிய வேட்டைப் படங்கள் வரையச் சொன்னார், 1700களின் தொடக்கத்தில் பல வருஷம் அதற்கே போனது. ஆம்ஸ்டர்டாம் பணக்கார வீடுகளில் ஓர் அறையின் சுவரையே மறைக்கிற அளவு கேன்வாஸ்களும் வரைந்து கொடுத்தார். பின்னணியில் தோட்டம், நீரூற்று, பளிங்குச் சிலை, பெரிய பூஜாடி. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுவர், உள்ளே திரும்பினால் பிரபுவின் பூங்கா.

நாற்றம் வராதா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான சந்தேகம். ஒரு பெரிய படம் முடிய வாரக்கணக்கில் ஆகும், செத்த முயல் அத்தனை நாள் தாங்காது. குளிர்நாடு என்பது ஓரளவு உதவியிருக்கும், வேட்டைக்கறியைச் சில நாள் தொங்கவிட்டுப் பதப்படுத்திச் சமைப்பதும் அங்கே வழக்கம்தான். ஆனால் உண்மையில் காப்பாற்றியது மாதிரி ஓவியங்கள். ஒருமுறை நன்றாக வரைந்துவைத்த அன்னத்தையும் கௌதாரியையும் பட்டறையில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது படத்துக்குப் படம் எடுத்து நட்டுக்கொள்வார்கள். அதனால்தான் ஒரே பறவை நாலு படங்களில் அச்சு அசலாக வரும். இருநூறு வருஷம் கழித்துப் பாரிஸில் சூட்டின் என்ற ஓவியர், ரெம்பிராண்ட் 1655இல் வரைந்த உரித்த மாட்டைப் பார்த்த வேகத்தில், நிஜ மாட்டையே தன் பட்டறையில் தொங்கவிட்டு, நிறம் மங்கும்போதெல்லாம் அதன் மேல் ரத்தம் ஊற்றி வரைந்தார். அக்கம்பக்கத்தார் நாற்றம் தாங்காமல் புகார் கொடுத்தார்கள். ஆகவே மனைவியின் சந்தேகத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது.

இருநூறு வருஷம் என்றா எழுதினேன்? 1655க்கும் 1920களுக்கும் நடுவே இருநூற்று எழுபது வருஷம். இருக்கட்டும்.

வீனிக்ஸுக்கு அத்தை வழியோ மாமா வழியோ என்று நான் வரைபடம் போட்டுப் பார்த்த ஓர் உறவுக்காரர் மெல்கியோர் டி ஹோண்டகூட்டர். 1636இல் பிறந்தவர். இவருடைய அத்தையைத்தான் அப்பா வீனிக்ஸ் கட்டியிருந்தார், ஆக இளைய வீனிக்ஸும் இவரும் அத்தைமகன், மாமன்மகன். தாத்தா, அப்பா எல்லோரும் ஓவியர்கள். இவர் செத்த பறவையும் வரைந்தார், ஆனால் பெயர் வாங்கியது உயிருள்ள பறவைகளால். சண்டை போடும் சேவல், குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுக்கும் கோழி, கர்வம் பிடித்த வாத்து. ஒரு சேவலைப் பழக்கி, சொன்னபடி நிற்கவைத்து வரைந்தார் என்று ஹௌபிராக்கன் என்ற பழைய வாழ்க்கைவரலாற்றாளர் ஒரு கதை சொல்லியிருக்கிறார். அவர் கதைகளைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் பரிமாறுவார், ஆனால் ஹோண்டகூட்டரின் சேவல்களைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. 1680 வாக்கில் இவர் வரைந்து, பின்னால் இங்கிலாந்துக்கு மன்னரான மூன்றாம் வில்லியத்தின் ஹெட் லோ அரண்மனையில் இருந்த படம் இப்போது ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. ஒரு குளம், கரையில் பெரிய கூழைக்கடா, சுற்றிலும் தூரதேசத்துப் பறவைகள். இத்தனை பெரிய பறவைகளை வரைந்தும் அந்தப் படத்துக்கு நிலைத்த பெயர் 'மிதக்கும் இறகு'. முன்னால் தண்ணீரில் ஒற்றைச் சிறு இறகு மிதக்கிறது. நிஜமாகவே ஊதினால் நகரும் போலிருக்கிறது.

இவ்வளவு திறமை இருந்தும் அன்றைய மேதாவிகள் இவர்களைக் கீழ்வரிசையில்தான் உட்காரவைத்தார்கள். 1667இல் பாரிஸில் ஃபெலிபியன் என்பவர் ஓவியங்களுக்குத் தரவரிசையே போட்டார். பழம், பூ, சிப்பி வரைகிறவன் கடைசி. இயற்கைக்காட்சி வரைகிறவன் அதற்கு மேல். செத்ததையும் அசையாததையும் வரைகிறவனைவிட உயிருள்ள விலங்கை வரைகிறவன் உசத்தி. மனிதனை வரைகிறவன் எல்லோருக்கும் மேல். இந்தக் கணக்குப்படி வீனிக்ஸின் முயல் செத்ததாலேயே ஒரு படி இறங்கிவிடுகிறது. எனக்கு இதைப் படித்ததும் எரிச்சலாக இருந்தது. முகம் என்றால் கண்ணும் சிரிப்பும் துணைக்கு வரும், செத்த முயலை வரைகிறவனுக்கு அந்த உதவிகூடக் கிடையாது.

ஹூட்டன் ஹாலுக்குத் திரும்பலாம் என்றேனே. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் 1600களின் பரோக் பாணிக் காலம் முடிந்த பிறகு, பிரெஞ்சு ஓவியர் ஊட்ரி 1753இல் ஒரு வெள்ளை வாத்தை வரைந்தார். வெள்ளைச் சுவர், வெள்ளைத் துணி, வெள்ளை மெழுகுவர்த்தி, இவற்றோடு தொங்குகிற வெள்ளை வாத்து. எல்லாம் வெள்ளை, எதுவும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. இளமையில் அவருடைய குரு லார்ஜியேர் ஒருநாள் வெள்ளைப் பூக்களாக மட்டும் பறித்துவரச் சொல்லி வரையவைத்த பாடத்தை, ஊட்ரி 1749இல் பிரெஞ்சு ஓவிய அகாடமியில் ஆற்றிய உரையில் நினைவுகூர்ந்தார். நாலு வருஷம் கழித்து வந்த வாத்து அந்தப் பாடத்தின் பரீட்சை மாதிரி இருக்கிறது. அந்தப் படம் பின்னால் ஹூட்டன் ஹாலில் இருந்தது. 1990இல் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள், இன்னும் கிடைக்கவில்லை. ஸ்னைடர்ஸின் நாலு கடைகளைப் பேரரசியிடம் பறிகொடுத்த வீடு, ஒரு வாத்தைத் திருடனிடம் பறிகொடுத்தது.

நண்பன் அன்றைக்கு அருங்காட்சியகத்தில் விரும்பி நின்ற ஒரே விலங்குப் படம் யான் அசெலைன் 1650 வாக்கில் வரைந்த அன்னம். இதில் ஒன்றும் சாகவில்லை. ஆளுயரத்துக்குச் சிறகை விரித்து, கழுத்தை வளைத்துச் சீறிக்கொண்டு, தண்ணீரில் நீந்தி வரும் நாயிடமிருந்து தன் முட்டைகளைக் காக்கிறது. பயத்திலோ கோபத்திலோ கழிந்துகொண்டும் இருக்கிறது, அசெலைன் அதையும் வரைந்திருக்கிறார். பின்னால் யாரோ இந்தப் படத்தில் அரசியல் ஏற்றி, அன்னத்தின் கீழே நாட்டின் தலைமை அமைச்சர் என்றும், முட்டையில் ஹாலந்து என்றும், நாயின் மேல் நாட்டின் எதிரி என்றும் எழுதிவிட்டார்கள். 1672இல் கூட்டம் அடித்துக் கொன்ற யோஹான் டி விட்டைத்தான் அந்த அமைச்சர் என்று சொல்வது. அசெலைன் இறந்தது 1652. டி விட் அந்தப் பதவிக்கு வந்ததே 1653இல். அன்னத்துக்கு அரசியல் தெரியாது, முட்டைதான் தெரியும். 1800இல் இந்த அருங்காட்சியகத்தின் முன்னோடி அமைப்பு முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்கிய படம் இதுதான், விலை 100 கில்டர், அன்றைய டச்சு நாணயத்தில்.

"இது பரவாயில்ல" என்றான் நண்பன். "இது முன்னாடி உக்காந்து சாப்பிடலாம்."

இதுவரை சொன்னதெல்லாம் பகட்டு சம்பந்தப்பட்டது. ஸ்பெயின் பக்கம் போனால் காற்றே மாறிவிடுகிறது. ஹுவான் சான்செஸ் கோட்டான் 1602இல் வரைந்த ஒரு படம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுத்த ஜன்னல் மாடம், மேலிருந்து நூலில் கட்டித் தொங்கும் சின்னப் பறவைகள், எலுமிச்சை, ஆப்பிள், கீழே கேரட், காய்ந்த கீரைத்தண்டு போல வளைந்த ஒரு காய். வெல்வெட் இல்லை, கொம்பு இல்லை. அடுத்த வருஷமே மனிதர் கார்த்தூசியன் மடத்தில் சேர்ந்துவிட்டார். அந்தத் துறவிகள் கறியே தொடமாட்டார்கள். தான் இனிச் சாப்பிடப்போவதில்லை என்று முடிவெடுத்த ஒருவர் வரைந்த பறவைகளா அவை என்று எனக்கு ஓர் எண்ணம். நிரூபிக்க முடியாது, விட முடியவும் இல்லை.

அப்புறம் சுர்பரானின் ஆட்டுக்குட்டி. அதுவும் பிராடோவில்தான், நான் திரையில் மட்டுமே பார்த்தது. 1635க்கும் 1640க்கும் இடையில் வரைந்தது, 37 சென்டிமீட்டர் உயரம், 62 அகலம், ஒரு பெரிய தட்டு அளவுதான். கறுப்புப் பின்னணி, சாம்பல் நிறப் பலகை, அதன் மேல் நாலு காலையும் சேர்த்துக் கட்டிய ஒரு மெரினோ வகைச் செம்மறிக் குட்டி. வேறு ஒன்றும் இல்லை. கிறிஸ்துவைக் குறிக்கும் ஆட்டுக்குட்டி என்பது ஸ்பெயினில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், ஆனால் பிராடோவில் இருக்கும் இந்தப் படத்தில் ஒளிவட்டம் கிடையாது. சுர்பரான் பிறந்த எஸ்ட்ரெமதூரா, மெரினோ மந்தைகள் குளிர்காலத்தில் மேயவரும் நிலம். அவருக்கு ஆட்டுரோமத்தின் அழுக்குச் சுருள் ஒவ்வொன்றும் தெரிந்திருக்கிறது. இந்த மாதிரிக் குட்டிப் படங்களைப் பலமுறை வரைந்தார். அதில் ஒன்றை வைத்திருந்த செவில்லே நகரத்து ரசிகர் ஒருவர், உயிருள்ள நூறு ஆட்டுக்கிடாக்களைவிட இது எனக்கு மேல் என்று சொன்னதாகப் பழைய எழுத்தாளர் பலோமினோ எழுதிவைத்திருக்கிறார்.

போன வாரம் ராத்திரி இந்தப் படத்தை நண்பனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை. நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், ஒரே ஒரு வரி வந்தது.

"கண்ணு பாதி தொறந்திருக்கு. உயிரோடதானே இருக்கு?"

இருக்கு என்று அடித்து அனுப்பினேன்.